பெயர் வெட்டாத பாத்திரம்

தமிழ்ச் சொல் ஒன்றைக் கொடுத்தால் அதன் வேர்ச்சொல்லைத் தரும் சிறிய நிரல் ஒன்று எங்களிடம் இருந்தது. ‘மரங்களை’ என்றால் ‘மரம்’, ‘படித்தார்கள்’ என்றால் ‘படி’. வேகம் வேண்டுமென்று அதைச் சி மொழியில் எழுதியிருந்தோம். கோப்புகளைத் திறப்பது, சொற்களைப் பிரிப்பது, எண்ணிக்கை எடுப்பது எல்லாம் பைத்தானின் பொறுப்பு. பைத்தான் ஒவ்வொரு சொல்லாக நீட்டும், சி வேர்ச்சொல்லைக் கையில் கொடுக்கும். பத்துப் பக்கம், நூறு பக்கம் என்று சோதித்தபோது அருமையாக ஓடியது. பழைய நாளிதழ்த் தொகுப்பு ஒன்றை மொத்தமாகக் கொடுத்து ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் வந்து பார்த்தால் திரையில் ‘கில்டு’ என்ற ஒரே சொல். எந்த வரியில் என்ன பிழை என்று பைத்தான் வழக்கமாக ஒரு பட்டியல் போடுமே, அதைக் காணோம். கணினியின் நினைவகம் முழுவதையும் எங்கள் நிரல் விழுங்கிவிட்டதால் லினக்ஸ் அதைக் கொன்றிருந்தது.

பைத்தானில் எழுதினால் நினைவகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லித்தான் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். பைத்தானுக்குள் இருக்கும்வரை அது சரி. ஆனால் நாம் அன்றாடம் ஓட்டும் பைத்தானே சி மொழியில் எழுதப்பட்டதுதான். தரவுத்தளம், கோப்புச் சுருக்கம், மறையாக்கம், எண் கணக்கு என்று அதன் கனமான வேலைகள் பலவும் சி நூலகங்களில்தான் நடக்கின்றன. ஆகவே ஒவ்வொரு நொடியும் சொற்கள் இந்த எல்லையைக் கடந்துகொண்டே இருக்கின்றன. கடக்கும் இடத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சொல் இருக்கும் இடம் யாருடையது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் யார்? எங்கள் நிரலில் அதற்கு இரண்டு பக்கமும் பதில் சொல்லவில்லை.

முதலில், சொல் என்பது இந்த இரண்டு மொழிகளிலும் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எழுத்துகளின் வரிசையை நம் பாடநூல்கள் சரம் என்கின்றன. பொருத்தமான சொல். சி மொழியின் சரம் பூச்சரமேதான். எழுத்துகள் அடுத்தடுத்த பைட்டுகளில் வரிசையாக இருக்கும், கடைசியில் ஒரு முடிச்சு. மதிப்பு 0 உள்ள ஒரு பைட்தான் அந்த முடிச்சு. நீளம் எங்கும் எழுதியிருக்காது. முதல் பூவிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே போய், முடிச்சு தட்டுப்படும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். முடிச்சுப் போட மறந்தால் விரல் பக்கத்துச் சரத்துக்குள் போய்விடும். அங்கே யாருடைய கடவுச்சொல் இருந்தாலும் அதையும் சேர்த்தே படிக்கும்.

இந்த முடிச்சு வந்த கதையைச் சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி 1993-இல் எழுதிய கட்டுரையில் சொல்கிறார். சி-க்கு முன்னோடியான பிசிபிஎல் மொழியில் சரத்தின் முதல் பைட்டில் அதன் நீளம் இருந்தது. அடுத்து வந்த பி மொழியில் அதை எடுத்துவிட்டு முடிவுக்குறி வைத்தார்கள். நீளத்தை 8 அல்லது 9 பிட் இடத்தில் எழுதினால் சரம் அந்த அளவுக்கு மேல் நீள முடியாது என்பது ஒரு காரணம். எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிடக் கடைசியில் ஒரு குறி வைப்பது கைக்கு எளிதாக இருந்தது என்பது மற்றொன்று. பி-யிலிருந்து சி அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. நினைவகம் சொட்டுச் சொட்டாகக் கிடைத்த காலத்தில் எடுத்த முடிவு அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பைத்தான் 1991-இல் வெளிவந்தது. கிடோ வான் ரோசம் அதை உருவாக்கியபோது சரத்துக்குத் தனியாக ஒரு வீடே கட்டிக்கொடுத்தார். பைத்தானின் சரம் ஒரு பொருள். அதன் முகப்பிலேயே அது என்ன வகை, எத்தனை எழுத்து நீளம், எத்தனை பேர் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கும். எழுத்துகள் அதற்குப் பின்னால்தான் வரும். 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து, சரத்தில் இருக்கும் மிகப் பெரிய எழுத்துக்குத் தக்கபடி எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட் என்று பைத்தானே அளவெடுத்து வைக்கிறது.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு இதில் 3 எழுத்து: த, மி, ழ். பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடின் கணக்கில் அது எண்ணுகிறது. உள்ளே எழுத்துக்கு 2 பைட்டாக 10 பைட்டில் வைத்திருக்கும். அதே சொல்லை யுடிஎஃப்-8 வடிவில் சி-யிடம் கொடுத்தால் ஒவ்வொரு குறியும் 3 பைட் ஆகிவிடும். த என்பது 224, 174, 164. ம என்பது 224, 174, 174. நீளம் அளக்கும் ஸ்டர்லென் 15 என்னும். வைப்பதற்கோ முடிச்சையும் சேர்த்து 16 பைட் இடம் வேண்டும். ஒரே சொல்லுக்கு 3, 5, 10, 15, 16 என்று ஐந்து கணக்கு, ஐந்துமே சரி. எந்த இடத்தில் எந்தக் கணக்கு என்பதில் பிசகினால்தான் வம்பு.

ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதித்த நிரலில் இந்த வம்பு வெளியே தெரியாது. அங்கே ஐந்தெழுத்துச் சொல்லுக்குப் பைத்தானின் 5-ம் ஸ்டர்லெனின் 5-ம் ஒன்றாகவே வரும். பெயருக்கு 10 பைட் போதும் என்று யாரோ சி-யில் எழுதிவிட்டால், ‘தமிழ்’ என்ற சொல்லில் முதல் மூன்று குறிகள் முழுசாகப் போகும். நாலாவதான ழ-வின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் துண்டைப் பைத்தான் திரும்ப வாங்கும்போது, 9-ஆம் இடத்தில் உள்ள பைட்டுக்குப் பொருள் தெரியவில்லை, தரவு பாதியில் முடிந்துவிட்டது என்று பிழை காட்டும். தமிழ்ப் பெயர்கள் அடையாள அட்டையிலோ ரசீதிலோ வால் அறுந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பத்தாவது பைட்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

முடிச்சால் வரும் இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. பைத்தானின் சரத்துக்கு நடுவில் 0 இருக்கலாம். அதற்கு அது சாதாரண எழுத்து. சி-க்கோ அங்கேயே சரம் முடிந்துபோகும். 2009-இல் பாதுகாப்பு ஆய்வாளர் மோக்சி மார்லின்ஸ்பைக் இதை வைத்து இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்களையே ஏமாற்றிக் காட்டினார். பெரிய வங்கியின் முகவரி, ஒரு 0, அதன் பின் தன் சொந்த முகவரி என்று ஒரு பெயருக்குச் சான்றிதழ் வாங்கலாம். கொடுப்பவர் கடைசிப் பகுதியைப் பார்த்து உரிமையாளர் சரி என்பார். உலாவி முடிச்சுவரை படித்துவிட்டு இது வங்கி என்று நம்பும். பைத்தானின் எஸ்எஸ்எல் பகுதியிலேயே இதே வகை ஓட்டை 2013-இல் அடைக்கப்பட்டது. இன்று சரத்தைச் சி-க்கு அனுப்பும் பைத்தானின் வழிகளில் சில, நடுவில் 0 இருந்தால் அனுப்ப மறுத்துவிடுகின்றன.

இனி உரிமைக்கு வருவோம். நம் ஊரில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணம் நம் அலமாரியில் எத்தனை மாதம் கிடந்தாலும், விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். சி மொழியில் சரத்தைக் கைமாற்றும்போது மாறுவது அதன் முகவரி மட்டும். சுட்டி என்போம். இன்றைய கணினிகளில் 8 பைட் எண் அது. அதில் பெயர் வெட்டியிருக்காது. மாலக் என்ற செயற்கூறு இடம் ஒதுக்கித் தரும், ஃப்ரீ அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். ஒதுக்கியதை விடுவிக்காவிட்டால் கசிவு. இரண்டு முறை விடுவித்தால் ஒதுக்கீட்டுக் கணக்கே குலைந்துபோகும். விடுவித்த பிறகும் படித்தால் அங்கே வேறு யாரோ குடிவந்திருப்பார்கள். வாங்கிக்கொண்டவர் விடுவிக்க வேண்டிய சரம், நூலகம் தன்னிடமே வைத்திருக்கும் சரம், நிரலிலேயே பொறித்துவைத்த மாறாத சரம் என்று மூன்று வகை உண்டு. பார்வைக்கு மூன்றும் ஒரே எண்தான்.

பைத்தான் இந்தச் சிக்கலுக்குத் தலை எண்ணும் முறையை வைத்திருக்கிறது. ஒரு பொருளை யாராவது கையில் எடுத்தால் எண்ணிக்கை ஒன்று ஏறும், விட்டால் ஒன்று இறங்கும். 0 ஆனவுடன் அந்தப் பொருள் அழிக்கப்படும். பைத்தானில் எழுதுபவர் இதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் பைத்தானுக்காகச் சி-யில் எழுதுபவர் ஏற்றுவதையும் இறக்குவதையும் கையாலேயே செய்ய வேண்டும். அதற்கென்று பைத்தானின் ஆவணங்களில் ஒரு சொற்கோவையே இருக்கிறது: சொந்தம், இரவல், திருட்டு. பட்டியலிலிருந்து ஓர் உருப்படியைப் பழைய வழியில் எடுத்தால் அது இரவல், விடுவிக்கும் உரிமை நமக்கில்லை. பட்டியலில் ஓர் உருப்படியைப் பொருத்தும் செயற்கூறு நம் கையிலிருப்பதைத் திருடிக்கொள்ளும். பொருத்திய பிறகு நாம் அதை விடுவிக்கக் கூடாது. திருட்டு என்ற சொல்லை ஆவணம் எழுதியவர்கள் தெரிந்தேதான் போட்டிருக்கிறார்கள். ஒரு முறை கேட்டால் மறக்காது.

பைத்தானிலிருந்து சி-க்குப் போகும் சரம் பெரும்பாலும் இரவல்தான். பையூனிகோட்_ஆஸ்யுடிஎஃப்8 என்ற செயற்கூறைக் கூப்பிட்டால், பைத்தான் அந்தச் சரத்தின் யுடிஎஃப்-8 வடிவத்தைச் சரத்தோடேயே வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் நமக்குத் தரும். அதை விடுவிக்கக் கூடாது, அதில் எழுதவும் கூடாது. சரம் உயிரோடு இருக்கும்வரைதான் அந்த முகவரிக்கும் உயிர்.

அந்த உயிர் எவ்வளவு குறுகியது என்பதைப் பலரும் உணர்வதில்லை. ‘கமலா’ என்ற பெயரை அங்கேயே பைட்டுகளாக மாற்றி, அதே வரியில் ஒரு சி செயற்கூறுக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பைட்டுகளைப் பைத்தானில் வேறு யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. செயற்கூறு திரும்பியதும் எண்ணிக்கை 0, பொருள் போய்விட்டது. சி உடனே படித்துவிட்டுத் திரும்பியிருந்தால் ஒன்றுமில்லை. பின்னால் தேவைப்படும் என்று முகவரியைக் குறித்துவைத்திருந்தால்தான் சிக்கல். 512 பைட் வரையிலான சிறிய பொருள்களுக்குப் பைத்தான் தனிக் கிடங்கு வைத்திருக்கிறது. காலியான இடத்தை அதே அளவுள்ள அடுத்த பொருளுக்குச் சுடச்சுடக் கொடுத்துவிடும். ஆகவே, சற்று நேரம் கழித்துச் சி அந்த முகவரியைப் பார்த்தால் அங்கே ‘சரளா’ இருக்கலாம். நிரல் நிற்காது, பிழையும் காட்டாது, தவறான பெயரைத் தெளிவாக அச்சிடும். நின்றுபோகும் நிரலைவிட எனக்கு இதுதான் பயம்.

பைத்தானை உருவாக்கியவர்களே இந்த இடத்தில் பல ஆண்டுகள் கவனமாக நடக்க வேண்டியிருந்தது. இயங்குதளத்தின் சூழல் மாறிகளை அமைக்க யூனிக்ஸில் புட்என்வ் என்ற சி செயற்கூறு இருக்கிறது. கொடுத்த சரத்தை அது நகலெடுக்காது. நாம் கொடுத்த முகவரியையே சூழல் பட்டியலில் செருகிக்கொள்ளும். பைத்தான் நிரலில் யாராவது ஒரு சூழல் மாறியை அமைத்தால், அந்தச் சரம் நிரல் முடியும்வரை உயிரோடு இருந்தாக வேண்டும். ஆனால் அதைப் பைத்தானில் யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எனவே பைத்தானின் மூலநிரலுக்குள் இதற்கென்றே ஓர் அகராதியை வைத்தார்கள். புட்என்வ்-க்குக் கொடுத்த ஒவ்வொரு சரத்தையும் அதில் போட்டு, சாகாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. அதன் பெயரிலேயே குப்பை என்ற சொல் இருந்தது. அதிலும் ஒரு முனை விடுபட்டிருந்தது. பெரிய சி நிரல் ஒன்றின் வயிற்றுக்குள் பைத்தான் ஓடிவிட்டு முடிந்தால், அகராதியும் சரங்களும் அழிந்துவிடும். சூழல் பட்டியல் மட்டும் பழைய முகவரிகளையே காட்டிக்கொண்டிருக்கும். 2020-இல் வந்த 3.9 பதிப்பில், சரத்தைத் தானே நகலெடுத்துக்கொள்ளும் செட்என்வ்-க்கு மாறினார்கள். அந்த அகராதிக்கு வேலை போயிற்று.

இனி எதிர்த்திசை, எங்கள் நிரல் மடிந்த திசை. சி நூலகங்களை நேரடியாகக் கூப்பிடப் பைத்தானில் சிடைப்ஸ் என்றொரு கருவி உண்டு. 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து பைத்தானோடேயே கிடைக்கிறது. சி செயற்கூறு என்ன வகையைத் திருப்பித் தரும் என்று சிடைப்ஸிடம் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண முழு எண் என்று எடுத்துக்கொண்டு, 64 பிட் முகவரியைப் பாதியாக வெட்டிவிடும். நாங்கள் ஒழுங்காகவே சொல்லியிருந்தோம்: சி_சார்_பி, அதாவது எழுத்துச் சரத்தின் சுட்டி. ஆவணத்தில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான்.

அந்த வகையைச் சொன்னால் சிடைப்ஸ் ஓர் உதவி செய்யும். வந்த முகவரிக்குப் போய், முடிச்சுவரை படித்து, ஒரு பைத்தான் நகலை எடுத்து நம் கையில் கொடுக்கும். முகவரியைத் தூக்கிப் போட்டுவிடும். நகல் நம்முடையது, பைத்தான் பார்த்துக்கொள்ளும். மூலம், சி-யில் மாலக் ஒதுக்கிய இடத்தில் அப்படியே கிடக்கிறது. அதன் முகவரி இப்போது உலகத்தில் யாரிடமும் இல்லை. விடுவிக்க நினைத்தாலும் முடியாது.

‘மரம்’ என்ற சொல்லுக்கு 12 பைட், முடிச்சோடு 13. லினக்ஸின் ஒதுக்கி குறைந்தபட்சம் 32 பைட் துண்டாகத்தான் கொடுக்கும். ஒரு சொல்லுக்கு 32 பைட் என்பது கண்ணுக்கே தெரியாத கசிவு. ஒரு கோடிச் சொல்லுக்கு 32 கோடி பைட். பத்துக் கோடிக்கு ஏறத்தாழ 3 ஜிபி. நூறு பக்கச் சோதனையில் இது தெரியாமல் போனதில் வியப்பில்லை.

திருத்தம் சின்னது. வகையைச் சி_வாய்டு_பி என்று மாற்றினால் சிடைப்ஸ் முகவரியை வெறும் எண்ணாகவே தரும். அதை வைத்துக்கொண்டு நாமே நகலெடுத்து, பிறகு முகவரியை விடுவிக்க வேண்டும். எதைக் கொண்டு விடுவிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். விண்டோஸில் ஒரு நூலகமும் பைத்தானும் வெவ்வேறு சி இயக்கநூலகங்களோடு கட்டப்பட்டிருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனிக் கிடங்கு. ஒரு கிடங்கில் வாங்கியதை மற்றதில் கொண்டுபோய்க் கொட்டினால் நிரல் விழும். பைத்தானின் சொந்த ஒதுக்கி தந்ததைச் சி-யின் ஃப்ரீயிடம் கொடுப்பதும் அதே தவறுதான். கடன் வாங்கிய கடையிலேயே அடைக்க வேண்டும். அதனால்தான் ஒழுங்கான சி நூலகங்கள் விடுவிக்கும் செயற்கூறையும் தாங்களே தருகின்றன.

இந்த ஒழுங்கில் எஸ்க்யூலைட்டை மிஞ்சிய நூலகத்தை நான் பார்த்ததில்லை. ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட தரவுத்தளம் அது, நம் கைப்பேசிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதில் பிழைச் செய்தியை இரண்டு வழியில் வாங்கலாம். எர்ர்எம்எஸ்ஜி என்ற செயற்கூறிடம் கேட்டால் வரும் சரம் நூலகத்துடையது. விடுவிக்கக் கூடாது, அடுத்த அழைப்பில் அது மாறிவிடவும் கூடும். எக்ஸெக் என்ற செயற்கூறு வழியாக வரும் பிழைச் செய்தியோ நம்முடையது, எஸ்க்யூலைட் தரும் ஃப்ரீயைக் கொண்டே விடுவிக்க வேண்டும். ஒரே நூலகம், ஒரே மாதிரிச் செய்தி, இரண்டு விதமான உரிமை. இரண்டையும் ஆவணம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

அதைவிட அழகானது சரத்தை உள்ளே கொடுக்கும் செயற்கூறு. அதன் கடைசி இடத்தில், இந்தச் சரம் யாருடையது என்று நாமே சொல்ல வேண்டும். மூன்று பதில்கள் உண்டு. இது மாறாது, அழியாது, அப்படியே பயன்படுத்திக்கொள் என்று சொல்லலாம். எப்போது வேண்டுமானாலும் போய்விடும், இப்போதே நகலெடுத்துக்கொள் என்று சொல்லலாம். வேலை முடிந்ததும் இந்தச் செயற்கூறைக் கூப்பிட்டு விடுவித்துவிடு என்றும் சொல்லலாம். பைத்தானோடு வரும் எஸ்க்யூலைட் இணைப்பு சரங்களைக் கொடுக்கும்போது இரண்டாவது பதிலைச் சொல்கிறது. நகலுக்குக் கொஞ்சம் நேரம் போகும், ஆனால் யாருடைய ஆயுளையும் யாரும் கணக்கிட வேண்டியதில்லை. சுட்டியில் பெயர் வெட்ட முடியாத மொழியில், கைமாற்றும் நேரத்திலேயே வாய்விட்டுப் பெயர் கேட்கும் நூலகம் அது.

எங்கள் திருத்தம் மூன்று வரி. மறுபடி ஓடவிட்டு உட்கார்ந்தோம். நினைவக அளவு ஏறாமல் நின்றது. நாலு நிமிடம் கழித்து நிரல் செத்தது. இம்முறை திரையில் வேறு செய்தி: செல்லாத சுட்டியை ஃப்ரீயிடம் கொடுத்திருக்கிறீர்கள். “அண்ணா, அது கொடுத்த முகவரியைத்தானே திருப்பிக் கொடுத்தோம்?” என்றான் கூட இருந்த தம்பி.

சி கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தோம். எங்கள் செயற்கூறு, வேர் கிடைத்தால் ஸ்டர்டப் கொண்டு நகலெடுத்து, புதிதாக ஒதுக்கிய சரத்தைத் தந்தது. வேர் கிடைக்காத சொல்லுக்கு, நிரலிலேயே பொறித்திருந்த ஒரு வெற்றுச் சரத்தின் முகவரியைத் தந்தது. அது எந்தக் கிடங்கிலிருந்தும் வந்ததில்லை. எந்தக் கிடங்கும் அதைத் திருப்பி வாங்காது. ஒரே செயற்கூறு ஒரு வழியில் சொந்தத்தையும் மறு வழியில் இரவலையும் கொடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் விடுவிக்காமல் இருந்தவரை இந்தத் தவறு வெளியே தெரியவில்லை. ஒரு தவறு இன்னொன்றை மறைத்து வைத்திருந்தது.

வெற்றுச் சரத்துக்கும் ஸ்டர்டப் போட்டோம். வேர்ச்சரத்தை விடுவிக்கத் தனியாக ஒரு செயற்கூறை நூலகத்திலேயே சேர்த்தோம். அன்றிரவு தொகுப்பு முழுவதும் ஓடி முடிந்தது. காலையில் தம்பி அந்தச் செயற்கூறின் ஹெடர் கோப்பைத் திறந்து, அறிவிப்புக்கு மேலே தமிழிலேயே ஒரு வரி சேர்த்தான்: ‘திரும்ப வரும் சரம் எப்போதும் அழைத்தவருடையது, வேர்_விடுவி கொண்டு விடுவிக்கவும்.’